மிக்ஸியா கிரைண்டரா: பல வேலைக்கு ஒன்றும் ஒரே வேலைக்கு ஒன்றும்

டேபிள்டாப் கிரைண்டர் வாங்கப் போனால், கல்லைப் பற்றி வாய் திறப்பதற்கு முன்பே சப்பாத்தி மாவு பிசையும் கையையும் தேங்காய்த் துருவியையும் எடுத்து மேசையில் வைத்துவிடுவார் கடைக்காரர். மிக்ஸிப் பக்கம் போனால் அங்கே ஜார் கணக்கு. மூன்று ஜார், நான்கு ஜார், ஐந்து ஜார். சாறு பிழிய ஒன்று, காய் நறுக்க ஒன்று. ஒரே வேலைக்காகச் செய்த கருவி எனக்கு எல்லாம் தெரியும் என்கிறது. எல்லாம் செய்ய வந்த கருவி இட்லி மாவும் அரைப்பேன் என்கிறது. இரண்டு பேச்சையும் எவ்வளவு நம்பலாம் என்று பார்ப்பதற்கே இந்த விமர்சனம்.

ஒப்பிட எடுத்துக்கொண்டது இரண்டு வகை. ஒன்று, 750 வாட், நான்கைந்து ஜார் கொண்ட மிக்ஸி. ப்ரீத்தி ஜோடியாக் இந்த வகைக்கு எல்லோருக்கும் தெரிந்த உதாரணம். இன்னொன்று, 150 வாட், 2 லிட்டர், கூம்பு வடிவக் குழவி இரண்டு கொண்ட டேபிள்டாப் கிரைண்டர். கம்பெனிவாரியாக மதிப்பெண் போடவில்லை. வகையைச் சரியாகத் தேர்ந்தெடுத்துவிட்டால் கம்பெனி இரண்டாம்பட்சம்தான்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். வாரத்துக்கு ஒரு முறையாவது ஒரு டம்ளர் உளுந்து அரைக்கிற வீட்டுக்குக் கிரைண்டர் வேண்டும். அதற்குக் கீழே என்றால் மிக்ஸி போதும். கிரைண்டரோடு வரும் உபரிச் சாமான்களுக்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம்.

வாட் எண்ணைப் பார்த்து மிக்ஸிக்கு ஐந்து மடங்கு பலம் என்று நினைப்பவர்கள் உண்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள். 200 மில்லி டம்ளரால் நான்கு டம்ளர் இட்லி அரிசி, ஒரு டம்ளர் முழு உளுந்து. நாற்பது, நாற்பத்தைந்து இட்லிக்கான மாவு. கிரைண்டரில் உளுந்துக்கு 30 நிமிடம், அரிசிக்கு 20 நிமிடம். 150 வாட்டில் 50 நிமிடம் ஓடினால் 0.125 யூனிட். அதே அளவை மிக்ஸியில் நாலைந்து தவணையாக அரைத்தால், நிறுத்தி நிறுத்தி ஓட்டும் நேரம் மொத்தம் பத்து நிமிடம் வரும். 750 வாட்டில் 10 நிமிடம் என்றாலும் அதே 0.125 யூனிட்தான். ஆக, கரண்ட் பில்லில் வித்தியாசம் இல்லை. வித்தியாசம் அந்தக் கரண்ட் எங்கே போகிறது என்பதில் இருக்கிறது. பத்து நிமிடத்தில் ஒரு சின்ன ஜாருக்குள் அத்தனையும் இறங்கினால் மாவு சுடும். ஐம்பது நிமிடத்துக்குப் பரவலாக, கனமான கல்லின் மேல் இறங்கினால் மாவுக்குச் சூடு தெரியவே தெரியாது.

மிக்ஸி மோட்டார் சும்மா ஓடும்போது நிமிடத்துக்கு 18,000 சுற்றுக்கு மேல் போகும். பிளேடு வெட்டுகிறது, நசுக்குவதில்லை. கிரைண்டர் மோட்டார் 1,400 சுற்று வாக்கில் ஓடி, பெல்ட் வழியாகக் குறைந்து, டிரம் நூற்றுச் சொச்சம் சுற்றில்தான் சுழலும். குழவிக்கும் தளக்கல்லுக்கும் நடுவே மாட்டிய உளுந்து தேய்ந்து, இழுபட்டு, திரும்பத் திரும்ப மடிகிறது. ஒவ்வொரு மடிப்பிலும் கொஞ்சம் காற்று உள்ளே போகிறது. உளுந்தின் புரதமும் கொழகொழப்பும் அந்தக் காற்றைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. இட்லி பூப்போல வருவதில் பாதி இந்த வேலை. மறுபாதி, ராத்திரி முழுக்க மாவில் பெருகும் லியூகோனோஸ்டாக் வகை பாக்டீரியா விடும் வாயு. மாவு சூடேறினால் முதல் பாதியும் கெடும், இரண்டாவது பாதியும் தடுமாறும்.

உளுந்து அரைப்பதைக் கொஞ்சம் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். உளுந்தை ஒரு மணி நேரம் ஊற வைத்தால் போதும். அரிசிக்கு நான்கு மணி நேரம். வெந்தயம் ஒரு தேக்கரண்டியைத் தனியாக ஊற வைத்து முதலில் போட வேண்டும், கடைசியில் போட்டால் அரைபடாது. டிரம்மில் கால் டம்ளர் தண்ணீர் விட்டு, சுவிட்சைப் போட்டு, கல் சுழல ஆரம்பித்த பிறகே உளுந்தைக் கை கையாகப் போட வேண்டும். நின்ற கல்லின் மேல் மொத்தத்தையும் கொட்டிவிட்டு சுவிட்சைப் போட்டால் பெல்ட் வழுக்கும். அடிக்கடி இப்படிச் செய்தால் பெல்ட் சீக்கிரமே போகும்.

ஐந்தாவது நிமிடத்தில் மாவு திப்பி திப்பியாக டிரம் ஓரத்தில் ஒட்டும். கிரைண்டரை நிறுத்தி வழித்து விட்டு, ஒரு கை தண்ணீர் தெளித்து மறுபடி ஓட்ட வேண்டும். அதன் பிறகு மூன்று நான்கு நிமிடத்துக்கு ஒரு முறை தெளித்தால் போதும். தண்ணீரை ஒரேயடியாக ஊற்றினால் குழவி மாவில் மிதந்து சுற்றும், தேய்க்காது. ஒரு டம்ளர் உளுந்து மொத்தத்தில் ஒன்றரை டம்ளர் தண்ணீர் வரை குடிக்கும். புது உளுந்து இன்னும் கொஞ்சம் கேட்கும். பதினைந்து நிமிடம் தாண்டியதும் அளவு கண்ணுக்குத் தெரிந்து ஏறும். குழவிக்குக் கீழே சின்னச் சின்னக் குமிழ் உடையும் சத்தம் கேட்கும். இருபத்தைந்தாவது நிமிடத்தில் ஒரு கிண்ணம் தண்ணீரில் மாவை ஒரு சொட்டு விட்டுப் பார்க்கலாம். மிதந்தால் வழித்துவிடலாம், மூழ்கினால் இன்னும் ஐந்து நிமிடம். நாற்பதைத் தாண்ட விடக் கூடாது. பிறகு ஏற்றம் நின்றுவிடும், மாவு தளர்ந்துவிடும். அரிசியை அதே டிரம்மில், கழுவாமலே போட்டு, நைஸ் ரவைப் பதத்தில் எடுக்கலாம். இரண்டையும் உப்போடு கையால் கலந்து வைக்க வேண்டும்.

இதே வேலையை மிக்ஸியிடம் கேட்டால் முடியாது என்று சொல்லாது. ஆனால் நிபந்தனை போடும். அரிசி நான்கு டம்ளர் என்பதை மூன்றாகக் குறைக்க வேண்டும். பிளேடு காற்றை அடைப்பதில் சுணங்குவதால் உளுந்தின் பங்கைக் கூட்டித்தான் ஈடு கட்ட முடியும். ஒரு பிடி அவலோ சாதமோ சேர்த்தால் மென்மை கிடைக்கும். தண்ணீர் ஐஸ் தண்ணீராக இருக்க வேண்டும். பெரிய ஜாரில் பாதிக்கு மேல் போடாமல், முப்பது நொடி ஓட்டி அரை நிமிடம் நிறுத்த வேண்டும். ஜாரின் வெளிப்பக்கம் கையில் வெதுவெதுவென்று பட்டால் அன்றைக்கு எல்லை தாண்டிவிட்டது என்று அர்த்தம். இவ்வளவும் செய்தால் நல்ல தோசையும் சுமாரான இட்லியும் வரும். இருவர் மட்டும் உள்ள வீட்டில் இதுவே தாராளம். அந்த வீட்டுக்குக் கனமான கல்லை விற்பது வியாபாரத் திறமை, அவ்வளவுதான்.

மெதுவடை வந்தால் மிக்ஸி நேரடியாகத் தோற்கும். கெட்டி மாவில் பிளேடு தனக்கென்று ஒரு குழி பறித்துக்கொண்டு வெறுமனே சுற்றும். சுற்ற வைக்க நாம் தண்ணீர் விடுவோம். தண்ணீர் கூடினால் வடை எண்ணெய் குடிக்கும். கிரைண்டரில் அதே உளுந்து நாலைந்து கரண்டி தண்ணீரில் பந்தாகத் திரண்டு வரும்.

ஆனால் ஒரே வேலை தெரிந்த கருவியின் இயலாமையையும் சொல்ல வேண்டும், கிரைண்டர் ரசிகர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். நூறு கிராமுக்குக் கீழே எதைப் போட்டாலும் குழவி பிடிக்காது. மாவு ஓரத்தில் ஒட்டிக்கொள்ள, கல்லோடு கல் உரசும். அப்படி உரசினால் கல்தூள் மாவில் சேரும். உலர்ந்த சாமான் எதையும் போட முடியாது. சாம்பார்ப் பொடி, மிளகுத்தூள், சர்க்கரை எல்லாம் மிக்ஸி வேலை. எண்ணெய்ப் பசை அதிகமான மசாலா போட்டால் குழவி வழுக்கும். மஞ்சளும் பூண்டும் கல்லில் ஏறினால் அடுத்த இரண்டு முறை மாவில் வாசம் வரும். காலை எட்டு மணிக்கு அரை மூடித் தேங்காய், நாலு பச்சை மிளகாய், ஒரு கைப்பிடி பொட்டுக்கடலை. மிக்ஸியின் சின்ன ஜாரில் நாற்பது நொடி. கிரைண்டரை எழுப்பி, ஓட்டி, கழுவி வைப்பதற்குள் தோசை ஆறிவிடும். ஒரு நாளில் சமையலறையில் அரைக்க வேண்டிய தடவைகளை எண்ணினால் பத்தில் ஒன்பது இந்த மாதிரிச் சில்லறை வேலைதான். பல வேலை தெரிந்ததற்கு மரியாதை அங்கே. பத்தாவது தடவையில் அளவு பெரிது, தரம் முக்கியம், வாரா வாரம் திரும்பி வரும். அங்கே ஒரே வேலை தெரிந்தது நிற்கிறது. 2011இல் தமிழ்நாடு அரசு விலையில்லாப் பொருட்களாக மிக்ஸி, கிரைண்டர் இரண்டையும் மின்விசிறியோடு சேர்த்தே கொடுத்தது. அரசியலை விட்டுவிட்டுச் சமையலறைக் கணக்காக மட்டும் பார்த்தால், ஒன்றைக் கொடுத்து இன்னொன்றையும் அதுவே செய்யும் என்று சொல்லாதது சரியான முடிவு.

இனி உபரிச் சாமான்கள். சப்பாத்தி மாவு பிசையும் கை: குழவியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இதை மாட்ட வேண்டும். கை அசையாமல் நிற்கும், டிரம் சுழலும். அரைக் கிலோ கோதுமை மாவுக்குப் பத்து நிமிடம் ஆகிறது. மாவு திரள்கிறது, ஆனால் நடுத்தண்டைச் சுற்றி ஒரு வளையமாக ஒட்டிக்கொள்கிறது. அதைக் கையால் பிரித்து எடுத்து மறுபடி இரண்டு நிமிடம் உருட்டத்தான் வேண்டும். தளக்கல்லின் நுண்குழியில் தங்கிய பழைய உளுந்தின் புளிப்பு வாசம் சப்பாத்தியில் வரும், நன்றாகத் தேய்த்துக் கழுவாவிட்டால். கெட்டியாகப் பிசைந்தால் பெல்ட் முனகும். மிக்ஸியின் பிசையும் ஜார் கால் கிலோ மாவை ஒரு நிமிடத்துக்குள் திரட்டிவிடுகிறது. ஆளும் அங்கே இங்கே ஓட வேண்டாம். பல வேலைக்கு என்று முதலிலேயே திட்டமிட்டுச் செய்ததும், ஒரு வேலைக்குச் செய்துவிட்டுப் பிறகு ஒட்ட வைத்ததும் எப்படி வேறுபடும் என்பதற்கு இந்த ஒரு ஒப்பீடு போதும்.

தேங்காய்த் துருவி இன்னும் மோசம். மூடியை இரண்டு கையாலும் பிடித்து, சுழலும் பல்லில் அழுத்த வேண்டும். இருபது முப்பது தேங்காய் துருவ வேண்டிய விசேஷ நாளில் கை வலி மிச்சமாகும், உண்மைதான். தினசரி அரை மூடிக்குக் குழவியை எடுத்து, துருவியை மாட்டி, பிறகு டிரம்மைக் கழுவும் நேரத்தில் அரிவாள்மணையில் வேலை முடிந்திருக்கும். துருவிக்கொண்டே சிரட்டையை நெருங்கும்போது கை வழுக்கினால் விரல் போகும் இடம் அந்தப் பல்தான். வாங்கினாலும் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

அடுத்தது பழுது. இங்கேயும் அதே கேள்வி ஆள் வடிவத்தில் வரும்: தெருமுனையில் மிக்ஸி, அயர்ன் பாக்ஸ், ஃபேன் எல்லாம் பார்ப்பவரிடம் போவதா, கம்பெனி சர்வீஸ் சென்டருக்குத் தூக்குவதா? அம்மி கொத்தச் சிற்பி எதற்கு என்று ஊரில் கேட்பார்கள். பெரும்பாலான கோளாறுக்கு அது சரி. கிரைண்டர் ‘ம்ம்’ என்று முனகிக்கொண்டு சுற்றாமல் நின்றால், டிரம்மில் சுமை இல்லாத நிலையிலும் அப்படியே இருந்தால், பத்தில் எட்டு தடவை மோட்டாரைக் கிளப்பிவிடும் கண்டென்சர்தான். பழையதில் எழுதியிருக்கும் அதே மைக்ரோஃபாரட் அளவில் புதியதைப் போட வேண்டும். கையில் இருப்பதைப் போட்டு அனுப்பினால் மோட்டார் சூடாகும். மோட்டார் ஓடுகிறது, டிரம் நிற்கிறது என்றால் பெல்ட். மிக்ஸியில் மோட்டார் ஓடியும் பிளேடு சுற்றாவிட்டால், மோட்டாரையும் ஜாரையும் இணைக்கும் கப்ளரின் பல் தேய்ந்திருக்கும். உள்ளே நீலப் பொறி பறந்து கருகல் வாசம் வந்தால் கார்பன் பிரஷ். ஜாரின் அடியில் கறுப்புத் தண்ணீர் கசிந்தால், சுழலும் தண்டைப் பிடித்து நிற்கும் வளையமான புஷ் போய்விட்டது. மிக்ஸி திடீரென்று செத்தால் பதறாமல் கவிழ்த்து, அடியில் இருக்கும் சிவப்பு ஓவர்லோடு பொத்தானை, பத்து நிமிடம் ஆற விட்டு அழுத்திப் பாருங்கள். இதெல்லாம் பல வேலை பார்க்கும் மெக்கானிக்குக்குக் கைவந்த கலை. நாள் முழுக்க இதையே பார்ப்பதால் சர்வீஸ் சென்டர்ப் பையனைவிட வேகமாகவும் கண்டுபிடிப்பார்.

இரண்டு இடத்தில் மட்டும் அவரை நிறுத்த வேண்டும். ஒன்று, மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுருளான காயில் எரிந்தது. நல்ல மெக்கானிக் தானே கட்ட மாட்டார், காயில் கட்டுபவரிடம் கொடுத்து வாங்கித் தருவார். அதையும் மிக்ஸிக்குச் செய்யும் முன் விலை கேளுங்கள். புது மோட்டார் விலைக்குப் பக்கத்திலேயே வந்து நிற்கும். இரண்டாவது, கல். வருடங்கள் போனால் கல் வழவழப்பாகி, முப்பது நிமிட உளுந்து நாற்பத்தைந்து நிமிடம் கேட்கும். தெருவில் உளியோடு வருபவர் அம்மியும் ஆட்டுக்கல்லும் அழகாகக் கொத்துவார். டேபிள்டாப்பின் கூம்புக் குழவி வேறு சங்கதி. குழவியின் சாய்வும் தளக்கல்லின் சாய்வும் முழு நீளத்துக்கும் படிய வேண்டும். உளி பட்ட இடம் படியாது, மாவில் கொரகொரப்பு நிரந்தரமாகிவிடும். தளக்கல் டிரம்மோடு ஒட்டியிருக்கும் ஒட்டும் அடியில் விரிசல் விடலாம். இதற்குக் கல்லை மாற்றித் தரும் சர்வீஸ் சென்டர்தான் வழி.

கல் வேலையில் இவ்வளவு நுணுக்கம் இருப்பதாலேயே இந்தத் தொழில் கோயம்புத்தூரை விட்டு நகரவில்லை. 1955இல் அங்கே பி. சபாபதி மின்சாரத்தில் ஓடும் முதல் கிரைண்டரைச் செய்தார் என்பது பதிவான செய்தி. 2005-06இல் ‘கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்’ புவிசார் குறியீடு பெற்றது. பம்பும் மோட்டாரும் செய்யும் ஊர் என்பதால் மோட்டாருக்கு ஆள் வெளியே தேட வேண்டியதில்லை. ஒரு பட்டறை கல் மட்டும் செதுக்கும், ஒன்று டிரம் அழுத்தும், ஒன்று மோட்டார் சுற்றும், இன்னொன்று எல்லாவற்றையும் வாங்கிக் கோத்துப் பெட்டியில் போடும். பெட்டியின் மேல் இருக்கும் பெயர் கடைசி ஆளுடையது. அவருக்குத் தனியாக எந்த ஒரு வேலையிலும் கரைகண்ட பெயர் இருக்காது. எந்தப் பட்டறையின் கல் எந்த மோட்டாரோடு சேரும் என்று தெரிந்திருக்கும். அவர் சரியில்லாவிட்டால் நல்ல கல்லும் நல்ல மோட்டாரும் சேர்ந்தும் ஆடும் கிரைண்டர்தான் கிடைக்கும்.

கடையில் நிற்கும்போது பார்க்க வேண்டியவை இவை. டிரம்மைக் கையால் சுற்றிவிட்டு விளிம்பைப் பாருங்கள்; மேலும் கீழும் அலைந்தால் வேண்டாம். குழவியைப் பிடித்து அசைத்துப் பாருங்கள்; லேசான ஆட்டம் இருக்கலாம், லொடலொடவென்று ஆடினால் புஷ் சரியில்லை. மாவு வழிக்கும் தகடு டிரம் ஓரத்தைத் தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும். டிரம்மைத் தனியாகத் தூக்கி எடுக்கும் வகை கழுவ வசதி. ஆனால் கல்லோடு சேர்த்து அந்த எடையைத் தூக்க உங்கள் வீட்டில் தினமும் ஆள் உண்டா என்று யோசியுங்கள். இடுப்பு வலி உள்ளவர்கள் கீழே வைத்தபடியே சாய்த்து மாவு வழிக்கும் டில்டிங் வகையைப் பார்க்கலாம். குழவி, புஷ், பெல்ட் மூன்றும் தனித்தனியாக உங்கள் ஊரிலேயே கிடைக்குமா என்று கடைக்காரரிடம் கேட்டு, பில்லிலோ அட்டையிலோ சர்வீஸ் சென்டர் முகவரி இருப்பதைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். 2 லிட்டர் கிரைண்டர் சுமார் 4,000 முதல் 8,000 ரூபாய் வரை போகிறது; மேலே போகும் விலையில் துருவிக்கும் பிசையும் கைக்கும் எவ்வளவு என்று பிரித்துக் கேட்டால், அவை இல்லாத மாடலைப் பெரும்பாலும் உள்ளேயிருந்து எடுத்து வருவார்கள்.

வீட்டுக்குக் கொண்டு வந்ததும் முதல் நாள் நல்ல உளுந்து போடாதீர்கள். இரண்டு பிடி பழைய பச்சரிசியை ஊற வைத்து, தாராளமாகத் தண்ணீர் விட்டுப் பத்து நிமிடம் அரைத்துக் கொட்டுங்கள். கொட்டிய மாவை விரலிடுக்கில் தேய்த்துப் பார்த்தால் நறநறவென்று கல்தூள் தட்டுப்படும். தட்டுப்படாத வரை இதையே திரும்பச் செய்யுங்கள். பொதுவாக இரண்டு மூன்று தடவையில் நின்றுவிடும்.